பொருள் தட்டுப்பாடும் வழங்கல் சங்கிலித் தடங்கலும்

ஒரு பொருள் விளையும் அல்லது உற்பத்தியாகும் இடத்திலிருந்து அதைப் பயன்படுத்துவோர் கைக்கு வந்து சேரும் வரையுள்ள எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வழங்கல் சங்கிலி என்பர். விதை, உரம், அறுவடை, சாக்கு, சரக்குந்து, கிடங்கு, ஆலை, கடை, இவற்றுக்கிடையே நடைபெறும் பணப் பரிமாற்றம், அரசின் அனுமதி ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இச்சங்கிலியின் ஏதேனும் ஒரு கண்ணி அறுபடுவதோ, வேகம் குறைவதோ வழங்கல் சங்கிலித் தடங்கல் எனப்படும். அதன் விளைவாகக் கடையில் பொருள் கிடைக்காமல் போவது அல்லது வாங்க இயலாத விலைக்கு ஏறுவது பொருள் தட்டுப்பாடு ஆகும்.

தட்டுப்பாடு என்றவுடன் பொருள் இல்லை என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. வரலாற்றில் அவ்வாறு அமைந்த நேரங்கள் குறைவு. பெரும்பாலும் பொருள் ஓரிடத்தில் இருக்கும். அது செல்ல வேண்டிய வழியோ, வாங்குவோர் கையில் பணமோ இருக்காது. நெல் விளையும் பகுதி ஒன்றிலேயே அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது இதனால்தான். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம் அத்தகைய பகுதி. இக்கட்டுரை அவ்வட்டாரத்தையும் அது அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிகழ்வை விளக்குகிறது.

சொற்பொருள்

பற்றாக்குறை, தட்டுப்பாடு, பஞ்சம் ஆகிய மூன்று சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுகின்றன. இவற்றைப் பிரித்தறிவது பயனுள்ளது. தேவையைவிட மொத்த இருப்பு குறைவாக இருப்பது பற்றாக்குறை. இருப்பு போதுமானதாக இருந்தும் தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நேரத்தில் கிடைக்காதது தட்டுப்பாடு. உணவின்றி மக்கள் பெருந்திரளாக இறக்கும் நிலை பஞ்சம். பற்றாக்குறை இல்லாமலேயே தட்டுப்பாடு வரலாம். தட்டுப்பாடு முற்றினால் பஞ்சமாகலாம். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூலில், பஞ்சங்களில் மக்கள் இறப்பது நாட்டில் உணவு இல்லாததால் மட்டும் அன்று, அவ்வுணவைப் பெறும் உரிமையும் வலிமையும் அவர்களிடம் இல்லாமற் போவதாலும் ஆகும் என்று வாதிட்டார். 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவர் காட்டிய முதன்மைச் சான்று.

ஒரு நெல் மூட்டை செல்லும் வழி

உத்திரமேரூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இவ்வூருக்குத் தொடருந்து நிலையம் இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு திசைகளிலும் சாலை வழியாகவே சரக்கு செல்ல வேண்டும். பாசனம் பெரிதும் ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியது. சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. ஏரி நிரம்பாத ஆண்டில் இம்மூன்றில் ஒன்றோ இரண்டோ கைவிடப்படும். எனவே இங்குச் சங்கிலியின் முதல் கண்ணி தண்ணீர்.

இது புதிய செய்தி அன்று. இவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அவற்றில் கூறப்படும் வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. குடவோலையைப் பாராட்டும் பலரும், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் வேலைகளுள் ஒன்று ஏரியைப் பேணுவது என்பதைக் கவனிப்பதில்லை. அதே கல்வெட்டில் வரும் பஞ்சவார வாரியத்தைப் பஞ்ச நிவாரணத்துக்கான குழு என்று கூறுவோரும் உளர். ஆனால் அதன் பணி குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

அறுவடையான நெல் இன்று இரு வழிகளில் செல்கிறது. ஒன்று தனியார் வணிகர் வழியாக ஆலைக்குச் செல்வது. மற்றொன்று அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் செல்வது. இந்நிலையங்களைத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்துகிறது. அங்கு நெல்லின் ஈரப்பதம் பார்க்கப்படும். 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், மைய அரசு தளர்வு அளித்தாலன்றி, எடுப்பதில்லை. பிறகு தூற்றி, 40 கிலோகிராம் கொண்ட சாக்குகளில் பிடித்து, தைத்து, அடுக்குவர். சரக்குந்து வந்து மூட்டைகளைக் கிடங்குக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கிருந்து அரவை ஆலைக்கு நெல்லாகச் சென்று அரிசியாகத் திரும்பும். அரசின் அளவுகோலின்படி 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி பெறப்பட வேண்டும். ஆகவே ஒரு மூட்டை நெல் ஏறத்தாழ 27 கிலோ அரிசியாகிறது. அவ்வரிசி மீண்டும் கிடங்குக்கு வந்து, நியாயவிலைக் கடைக்குச் செல்கிறது. உத்திரமேரூர்ச் சிற்றூர் ஒன்றில் நெல் விற்ற குடும்பமே அடுத்த மாதம் அதே ஊரின் நியாயவிலைக் கடையில் வேறெங்கோ விளைந்த அரிசியை வாங்குவது வழக்கமான காட்சி.

இவ்வழியில் எந்த இடத்தில் நின்றாலும் இரு முனைகளிலும் விளைவு தெரியும். சரக்குந்து வராவிட்டால் கொள்முதல் நிலையத்தின் களத்தில் மூட்டைகள் தேங்கும். இடமில்லாததால் புதிய நெல் எடுக்கப்படாது. உழவர் தம் நெல்லைச் சாலையோரம் கொட்டிக் காவல் இருக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். மறுமுனையில் கடைக்கு அரிசி குறையும். ஒரே நாளில் ஓரிடத்தில் தேக்கமும் வேறோரிடத்தில் தட்டுப்பாடும் இருப்பதுதான் வழங்கல் சங்கிலித் தடங்கலின் அடையாளம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் பால் பலமடங்கு விலைக்கு விற்றதும் இவ்வகையே. மாடுகள் பால் கறப்பதை நிறுத்திவிடவில்லை. நீரில் மூழ்கிய சாலைகள்தாம் பாலை நிறுத்தின.

தாது வருடப் பஞ்சம் (1876–78)

1876இல் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் பகுதிகளில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. தாது ஆண்டில் தொடங்கியதால் தமிழில் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. ஏறத்தாழ 55 இலட்சம் பேர் இறந்தனர் என்பது பொதுவாகத் தரப்படும் மதிப்பீடு. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த செங்கல்பட்டு மாவட்டமும் இதில் அகப்பட்டது.

இப்பஞ்சத்துக்கு வறட்சி தொடக்கமே தவிர முழுக் காரணம் அன்று. தொடருந்து வந்தபின் தானியம் தட்டுப்பாடு உள்ள இடத்துக்கு விரைந்து செல்லும் என ஆட்சியாளர் நம்பினர். தானியம் விரைந்து சென்றது உண்மை. ஆனால் அது சென்றது பசி உள்ள இடத்துக்கு அன்று, விலை கிடைத்த இடத்துக்கு. வேலை இழந்த கூலியாளிடம் அவ்விலை கொடுக்கப் பணம் இல்லை. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் தொடர்ந்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்க முற்பட்டபோது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கை கொண்ட வைசிராய் லிட்டனின் அரசு அதைத் தடுத்தது. நிவாரண வேலைகளில் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். இக்கூலியில் உடல் உழைப்பாளர் உயிர்வாழ இயலாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிசு எதிர்த்து எழுதினார். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இந்நாட்களின் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. முழுக் கால்வாயும் இன்று பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றிருப்பது இதனால்தான். இப்பஞ்சத்தைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின.

பர்மா அரிசி நின்றபோது

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அரிசித் தேவையில் ஒரு பகுதி கடல் கடந்து வந்தது. பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில் விளைந்த அரிசி இரங்கூன் துறைமுகத்திலிருந்து சென்னைக்கும் பிற துறைகளுக்கும் வந்தது. அவ்விளைச்சலுக்குக் கடன் அளித்தவர்களுள் நாட்டுக்கோட்டை நகரத்தார் முதன்மையானோர். 1930களின் பொருளியல் வீழ்ச்சியில் கடன் திரும்பாததால், கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. அறுவடையிலும் ஆலைகளிலும் துறைமுகத்திலும் தமிழ், தெலுங்குத் தொழிலாளர் உழைத்தனர். சுருங்கக் கூறின், தமிழகத்தின் அரிசிச் சங்கிலியின் ஒரு முனை வங்கக்கடலுக்கு அப்பால் இருந்தது.

1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியப் படையிடம் வீழ்ந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சப்பானியக் கடற்படை வங்கக்கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது; விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னை நகரிலிருந்து மக்கள் பெருமளவில் உள்நாட்டு ஊர்களுக்கு வெளியேறினர். பர்மா அரிசி முற்றாக நின்றது.

இந்தியா முழுமைக்கும் பார்த்தால் பர்மாவிலிருந்து வந்த அரிசி மொத்த நுகர்வில் இருபதில் ஒரு பங்கை ஒட்டியதே. இவ்வளவு சிறிய குறைவு பெரும் நெருக்கடியாக மாறியது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. விளையும் நெல் அனைத்தும் சந்தைக்கு வருவதில்லை என்பது இதற்கு விடை. பெரும்பகுதியை விளைவித்தவரே உண்கிறார். கூலியாகவும் குத்தகையாகவும் ஒரு பகுதி ஊருக்குள்ளேயே கைமாறுகிறது. விலைக்கு வரும் மீதிதான் நகரங்களுக்கும் நெல் விளையாத ஊர்களுக்கும் உணவு. இருபதில் ஒரு பங்கு இறக்குமதி நின்றால், அவ்விழப்பு முழுவதும் சந்தையில் வாங்கி உண்பவர் தலையில் விழுகிறது. மேலும், விலை ஏறும் என்று தெரிந்தவுடன் வணிகர் மட்டுமன்றி உழவரும் நெல்லை வெளியே விடாமல் வைத்திருப்பர். இல்லாத பொருளைவிட, வெளியே வராத பொருளே விலையை மிகுதியாக ஏற்றுகிறது.

பதுக்கல் என்ற ஒரே சொல்லால் இவை அனைத்தையும் குறிப்பது வழக்கம். அது முழுதும் நேர்மையானது எனக் கூற இயலாது. அடுத்த அறுவடை வரை குடும்பத்துக்கு வேண்டிய நெல்லைக் குதிரில் வைத்திருக்கும் உழவரும், விலைக்காகக் கிடங்கைப் பூட்டும் வணிகரும் ஒன்றல்லர். ஆனால் சந்தையில் இருவரின் செயலுக்கும் விளைவு ஒன்றே.

வங்காளத்தில் இந்நெருக்கடி, போர்க்காலப் பணவீக்கம், புயல், படகுகளைப் பறிமுதல் செய்த ஆணை ஆகியவற்றோடு சேர்ந்து 1943இல் 20 முதல் 30 இலட்சம் பேரைக் கொன்ற பஞ்சமாயிற்று. சென்னை மாகாணத்தில் அந்த அளவுக்குச் செல்லவில்லை. 1943இல் சென்னை நகரில் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது; சிற்றூர்களில் அரசு நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தது. ரேஷன் என்ற சொல் தமிழர் அன்றாட வழக்கில் நிலைத்தது இக்காலத்தில்தான். போர் முடிந்தபின்பும் கட்டுப்பாடு நீடித்தது. 1952இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராசகோபாலாச்சாரி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அவ்வாறு நீக்கியபோது தட்டுப்பாடு பெருகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அச்சத்துக்கு மாறாக, ஒளித்து வைக்கப்பட்டிருந்த அரிசி சந்தைக்கு வந்தது. ஆயினும் கட்டுப்பாடு எப்போதும் தீயது என்று இதிலிருந்து முடிவு செய்வது தவறு. இருப்பு ஓரளவு இருந்த நேரத்தில் செய்யப்பட்ட நீக்கம் அது. 1943இல் செய்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

1960களின் அரிசி நெருக்கடி

1957இல் ஆந்திரம், சென்னை, கேரளம், மைசூர் ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரே அரிசி மண்டலமாக்கப்பட்டன. அதற்குள் அரிசி தடையின்றிச் செல்லலாம். சென்னை நகருக்கு நெல்லூர் அரிசி வருவது நெடுங்கால வழக்கம். 1964இல் இம்மண்டலம் கலைக்கப்பட்டு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலமானது. மாநில எல்லை, அரிசியைப் பொறுத்தவரை நாட்டெல்லைபோல் ஆயிற்று. அதைத் தொடர்ந்து 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் நாடு தழுவிய வறட்சி ஆண்டுகளாயின. 1966இல் இந்தியா ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி செய்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சன் அதை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் சிறிது சிறிதாகவே விடுவித்தார். கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் நாடு இருந்தது. அரிசி உண்டு பழகிய தமிழகக் குடும்பங்கள் பலவற்றில் கோதுமை உணவு நுழைந்தது இந்நாட்களில்.

அப்போதைய மைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் தமிழகத்தைச் சேர்ந்தவர். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, அதாவது பொங்கல் நாளில், நிறுவப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.

1967 தேர்தலில் அரிசி ஒரு முதன்மையான சிக்கலாயிற்று. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தைத் திராவிட முன்னேற்றக் கழகம் முன்வைத்தது. படி என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த அண்ணாதுரை முதலமைச்சரானார். சென்னை, கோயம்புத்தூர் நகரங்களில் ரூபாய்க்கு ஒரு படி என்ற அளவில் திட்டம் தொடங்கப்பட்டது. நிதிச்சுமையால் அதற்கு மேல் விரியவில்லை. ஆயினும் அரிசி கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு என்ற எண்ணம் அதன்பின் எந்தக் கட்சியாலும் கைவிடப்படவில்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது.

சாட்டை விளைவு

சங்கிலியின் கடைமுனையில் ஏற்படும் சிறு அசைவு மேலே செல்லச் செல்லப் பெரிதாவதைச் சாட்டை விளைவு என்பர். கைப்பிடியைச் சற்றே அசைத்தால் சாட்டையின் நுனி பெரிதாக வீசுவது போன்றது இது. அமெரிக்கப் பொறியாளர் சே பாரசுட்டர் 1961இல் வெளியிட்ட நூலில் இந்நடத்தையை விளக்கினார்.

எடுத்துக்காட்டாக, 100 வீடுகள் உள்ள ஓர் ஊரில் ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிப்பம் அரிசி வாங்குவதாகக் கொள்வோம். ஊரடங்கு வரப்போகிறது என்ற செய்தி கேட்டு 40 வீடுகள் கூடுதலாக ஒரு சிப்பம் வாங்குகின்றன. கடைக்காரர் 140 விற்றதைக் கண்டு, அடுத்த மாதத்துக்கு 180 கேட்கிறார். பல கடைகளிலிருந்து இவ்வாறு கேட்கப்பட்ட மொத்த வணிகர், முழுதும் கிடைக்காது என எண்ணி 250 வீதம் ஆலைக்குச் சொல்கிறார். ஆலை இரவும் பகலும் ஓடத் தொடங்கும்போது, அந்த 40 வீடுகளும் அடுத்த மாதம் எதுவும் வாங்குவதில்லை. ஊரார் உண்ட அரிசி ஒரு பிடிகூடக் கூடவில்லை. ஆயினும் முதலில் தட்டுப்பாடும் பிறகு தேக்கமும் வந்துவிட்டன. கணினிப் பிணையங்களிலும் இதே நடத்தை உண்டு: வழங்கியின் மறுமொழி தாமதமானால் எல்லாப் பயனரும் மீண்டும் மீண்டும் வேண்டுகை அனுப்பி, தாமதத்தை முடக்கமாக்கிவிடுவர்.

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இவ்விளைவை உலகம் முழுவதும் காண முடிந்தது. தமிழகத்தில் அரிசி அட்டைதாரர்களுக்கு ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவை விலையின்றியும் 1000 ரூபாய் உதவித்தொகையுடனும் வழங்கப்பட்டன. நாள், நேரம் குறித்த வில்லைகள் கொடுத்து மக்களை வரிசைப்படுத்தியது கூட்டத்தைக் குறைத்ததோடு, அரிசி வரும் என்ற உறுதியையும் அளித்தது. பொருள் வரும் என்ற நம்பிக்கையும் ஒரு வகையில் கையிருப்பே. இதற்கு மாறாக, காய்கறிச் சங்கிலிக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தை 2020 மே 5 அன்று மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைக்கப்படும் வரை சென்னையில் காய்கறி விலை ஏறியது. கோடையில் மட்டுமே விலை போகும் தர்பூசணி போன்ற பயிர்களை இட்ட உழவர்கள் வாங்க ஆளின்றி நிலத்திலேயே விட்டனர்.

சிறு பொருளால் வரும் பெரும் தடை

ஒரு சங்கிலி நிற்பதற்கு அதன் முதன்மைப் பொருள்தான் இல்லாமற் போக வேண்டும் என்பதில்லை. நெல் கொள்முதலுக்குச் சாக்கு வேண்டும். இந்தியாவின் சணல் ஆலைகளில் பெரும்பாலானவை மேற்கு வங்கத்தில் ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ளன. 2020 ஊரடங்கில் அவை மூடப்பட்டு, ஏப்ரல் பிற்பகுதியில் குறைந்த ஆட்களுடன்தான் திறந்தன. நாடெங்கும் கோதுமை, நெல் கொள்முதலுக்குச் சாக்கு குறைந்ததால், நெகிழிச் சாக்குகளைக் கூடுதலாகப் பயன்படுத்த மைய அரசு இசைந்தது. உத்திரமேரூர் வட்டாரத்தில் நவரை நெல் களத்துக்கு வரும் பருவமும் அதுவே. நெல்லின் விலையோடு ஒப்பிட்டால் சாக்கின் விலை சிறிது; ஆனால் அது இல்லாமல் மூட்டை இல்லை.

செறிவூட்டப்பட்ட அரிசி மற்றோர் எடுத்துக்காட்டு. இரும்புச்சத்து முதலியன சேர்த்துச் செய்யப்பட்ட அரிசிமணிகளை 100 பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்த பிறகே அரிசி பொது வழங்கலுக்கு அனுப்பப்பட்டு வந்தது. 2025 அக்டோபரில் காவிரிப் படுகையில் குறுவை நெல் மூட்டைகள் தேங்கி மழையில் நனைந்தபோது, இம்மணிகளுக்கான மைய அரசின் ஒப்புதல் தாமதமானதால் அரவை தடைபட்டதும் ஒரு காரணம் எனத் தமிழக அரசு கூறியது. கிடங்கு வசதியும் சரக்குந்து ஏற்பாடும் போதவில்லை என எதிர்க்கட்சிகள் குறைகூறின. நூற்றில் ஒரு பங்குப் பொருளுக்காக மீதித் தொண்ணூற்றொன்பது பங்கும் காத்திருக்க நேர்வது இவ்வகைத் தடங்கலின் இயல்பு.

தொழிற்சாலைகளில் இது மேலும் கடுமையாகத் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதிகளில் மகிழுந்து ஆலைகளும் அவற்றுக்கு உதிரிப்பாகம் தரும் ஆலைகளும் உள்ளன. இவை உதிரிப்பாகங்களை இருப்பு வைக்காமல், தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரவழைக்கும் முறையைப் பின்பற்றுபவை. சப்பானின் டொயோட்டா நிறுவனம் இம்முறையைப் புகழ்பெறச் செய்தது. இருப்பு வைக்காததால் பணம் முடங்குவதில்லை. ஆனால் 2021இல் உலகளவில் குறைக்கடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எஃகும் கண்ணாடியும் ஆளும் இருந்தும் மகிழுந்து உற்பத்தி இந்தியாவெங்கும் குறைக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இது வேலைநாள் குறைவதாகவே வந்து சேரும். தைவானில் ஏற்பட்ட ஒரு நெருக்கடி உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நிறுவனப் பேருந்தில் வேலைக்குச் செல்பவரை எட்டுவது இவ்வழியாக.

ஆணையால் வரும் தட்டுப்பாடு

இயற்கையோ விபத்தோ இன்றி, ஓர் ஆணையால் மட்டும் தட்டுப்பாடு உண்டாவதும் உண்டு. இலங்கையில் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள், மின்கலம், உரம், சவர்க்காரம் முதலிய பல பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத நிலையில், ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிறிதளவு எண்ணெயில் எரியும் விளக்கில் மாணவர் படித்தனர்.

அதே நாட்டில் 2021 மே மாதம் வேதி உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சில மாதங்களில் தடை நீக்கப்பட்டாலும் நெல் விளைச்சல் வீழ்ந்திருந்தது. 2022இல் அயற்செலாவணி தீர்ந்ததால் எரிபொருளும் மருந்தும் பால்மாவும் வாங்க முடியவில்லை. தமிழக அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முன்வந்து, 2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. புழுங்கல் அரிசிக்குத் தடை இல்லை. ஆயினும் அமெரிக்காவில் வாழும் தமிழரும் தெலுங்கரும் இந்தியக் கடைகளில் திரண்டு சிப்பம் சிப்பமாக வாங்கினர். ஒருவருக்கு ஒரு சிப்பம் என்று சில கடைகள் வரம்பிட்டன. தடை 2024 செப்டம்பரில் நீக்கப்பட்டது.

நிருவாகத் தாமதமும் இவ்வகையில் அடங்கும். 2024 மே மாதம் தமிழக நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் பல இடங்களில் கிடைக்கவில்லை. மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகளால் ஒப்பந்தப்புள்ளி தாமதமானது காரணமாகக் கூறப்பட்டது. மே மாத ஒதுக்கீட்டை ஜூனில் பெற்றுக்கொள்ளலாம் என அரசு அறிவித்தது. நியாயவிலைக் கடையில் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளிக்கடையில் அதே பருப்பு பன்மடங்கு விலை. ஒரு மாதத் தாமதம் கணக்கேட்டில் தேதி மாற்றம் மட்டுமே. நூறு நாள் வேலைக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது குழம்பில் பருப்பு இல்லாத மாதம்.

விளைவுகள்

தட்டுப்பாடு எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. மாதச் சம்பளமும் வீட்டில் இடமும் உள்ளவர் முன்கூட்டியே வாங்கி வைப்பார். அன்றாடக் கூலியாளர் அன்றன்று வாங்குவதால் விலையேற்றம் முழுவதையும் முதல் நாளிலிருந்தே ஏற்க வேண்டும். முதலில் பருப்பு, எண்ணெய், பால் குறையும். பிறகு வேளைகள் குறையும். குடும்பத்தில் கடைசியாக உண்ணும் பெண்களுக்கே பெரும்பாலும் குறையும். தட்டுப்பாட்டு நாட்களில் வட்டிக்கு வாங்கிய கடனும் அடகு வைத்த நகையும் தட்டுப்பாடு நீங்கியபின்பும் நீங்குவதில்லை.

உழவர் நிலை இருபுறமும் கூர்மை உடையது. 2021 அக்டோபரில் சீனா பாசுபேட்டு உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபின் இந்தியாவில் டி.ஏ.பி. உரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பயிருக்கு உரம் இடும் காலம் சில நாட்களே. ஒரு மாதம் கழித்து வரும் உரம், நெற்பயிரைப் பொறுத்தவரை வராத உரமே. தொழிற்சாலைப் பொருளில் தாமதம் பின்னர் ஈடுசெய்யப்படலாம், வேளாண்மையில் இயலாது என்ற வேறுபாடு கொள்கை வகுப்போரால் அடிக்கடி மறக்கப்படுகிறது.

காஞ்சிபுரம் பட்டு நெசவிலும் இதைக் காணலாம். பட்டுநூல் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும் சரிகை பெருமளவு சூரத்திலிருந்தும் வருகின்றன. நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்ற நாளுக்கு நெசவாளருக்குக் கூலி இல்லை.

கையிருப்பு

தடங்கல்களை முற்றிலும் தவிர்க்க இயலாது. அவை தட்டுப்பாடாக மாறாமல் தடுப்பது கையிருப்பு. ஆனால் கையிருப்புக்குச் செலவு உண்டு: இடம், வட்டி, எலி, பூச்சி, ஈரம். அச்செலவை ஏற்பது யார் என்பது காலந்தோறும் மாறிவந்துள்ளது.

முன்பு உத்திரமேரூர் போன்ற பகுதிகளில் நிலமுடையோர் வீடுகளில் மண் குதிரும் மரப் பத்தாயமும் இருந்தன. நிலமற்றோர்க்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டதால், அது எவ்வளவு குறைவாயினும் விலையேற்றம் அதைக் குறைக்கவில்லை. கூலி பணமானபோதும், அறுவடை இயந்திரம் வந்து களத்திலிருந்தே நெல் விற்கப்பட்டபோதும், வீட்டுக் கையிருப்பு மறைந்தது. பழைய முறையை இதனால் போற்றுவதற்கில்லை. தாது வருடத்தில் நிலமற்றோரைக் குதிர்கள் காப்பாற்றவில்லை. இன்று அக்கையிருப்பு அரசிடம் உள்ளது. இந்திய உணவுக் கழகத்துக்கான விதிப்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று மைய இருப்பில் குறைந்தது 135.4 இலட்சம் டன் அரிசி இருக்க வேண்டும். தமிழகம் 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணைந்தபோதும், வறியவர்க்கு மட்டும் என வரம்பிடாமல், எல்லோர்க்குமான வழங்கலைத் தொடர்ந்தது. மாநிலத்தில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் உள்ளன.

இக்கையிருப்பு அரிசி, கோதுமை ஆகிய இரண்டுக்கே பெரிதும் பொருந்தும். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதே ஆண்டில் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெயும் குறைந்திருந்தது. தடை மே 23 அன்று விலக்கப்படும் வரை ஈடுகொடுக்க அரிசிக்கு இருப்பது போன்ற அரசுக் கிடங்கு எண்ணெய்க்கு இல்லை. பருப்புக்கு மைய அரசு 2015–16 முதல் ஓரளவு கையிருப்பு வைத்து வருகிறது. உரத்துக்கும் மருந்துக்கும் சில்லுக்கும் கையிருப்பு பெரும்பாலும் இறக்குமதியாளரிடமும் நிறுவனங்களிடமும் விடப்பட்டுள்ளது.